தங்கச்சிக்கு ஒரு கார் பார்த்த கதை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக் இரண்டாம் தளத்தில் வசிக்கும் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. போன தீபாவளி சமயத்தில் மட்டும் நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் மூன்று புது வண்டிகள் மாலையோடு வந்து நின்றன. மூன்று வீட்டிலும் வண்டி புக் பண்ணிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டு "சார், இது நல்ல வண்டிதானே?" என்று கேட்டார்கள். நான் எண்ணூரில் லாரித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன். அதனால் எனக்கு எல்லா வண்டியும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. லாரிக்காரனுக்கு லாரிதான் தெரியும். ஆனால் எண்ணூருக்கும் காருக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்றைக்கு அசோக் லேலண்ட் என்று நாம் சொல்கிற கம்பெனி 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஆரம்பித்தபோது, எண்ணூரில் பூட்டி வெளியே விட்டது ஆஸ்டின் ஏ40 என்கிற கார்தான். லாரி எல்லாம் அதற்கப்புறம்.

நான் ஒரு தப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். 2021-ல் என் பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், கார் வாங்க யோசனை கேட்டார். டீசல் எடுங்கள், மைலேஜ் நன்றாக வரும் என்று சொன்னேன். அவர் வண்டி ஓட்டுவது தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும். ஒரு தடவைக்கு நாலு கிலோமீட்டர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறது. வண்டி தொடர்ந்து பதினைந்து இருபது நிமிஷம் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து ஃபில்டர் சுத்தமாகும். மார்க்கெட்டுக்குப் போய் வருகிற வண்டியில் அது எப்போது எரியும்? எட்டாவது மாதம் லைட் எரிந்தது, வண்டி வேகம் எடுக்க மறுத்தது. மாதத்துக்கு ஒரு தடவை ரெட் ஹில்ஸ் தாண்டி சும்மா ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சர்வீஸில் சொன்னார்கள். மைலேஜுக்காக வாங்கிய வண்டி. அண்ணன் என்னோடு ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை. அண்ணி என் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிடாமல் போனார்கள்.

சொந்தக்காரருக்கு யோசனை சொல்வதில் இதுதான் சங்கடம். வண்டி தகராறு பண்ணினால் ஷோரூம்காரர் வீட்டுக்கு வரமாட்டார், அண்ணி வருவார்கள். அதனால் அடுத்த தடவை தங்கச்சி போன் பண்ணியபோது, கூடாது என்று சொல்லத் தயாராகத்தான் போனேன்.

தங்கச்சி திருவொற்றியூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சர்க்கரையால் கண்ணில் பிரச்சினை. வண்டி ஓட்டுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் ராயபுரம் பக்கம் டயாலிசிஸ். அதற்காகவே நாற்பத்தேழு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்திருந்தாள். சீட்டு எடுத்த பணம் நாலு லட்சம் கையில். மொத்தம் ஏழு லட்சத்தைத் தாண்டக் கூடாது, மிச்சம் மூன்று லட்சம் லோன் என்று திட்டம்.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆட்டோ ஒரு தடவைக்கு 250 ரூபாய். வாரத்துக்கு ஆறு தடவை என்றால் மாதம் 6,500 ரூபாய். கார் என்றால், மூன்று லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு இ.எம்.ஐ. 6,228 ரூபாய். மற்ற வேலைகளையும் சேர்த்து மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டினால், டவுனுக்குள் லிட்டருக்கு 15 கிடைத்தாலும் பெட்ரோலுக்கு 2,700. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் வருஷத்துக்கு 24,000 என்று வைத்தால் மாதம் 2,000. ஆகமொத்தம் பத்தொன்பதாயிரம் என்று நீங்கள் பயப்பட வேண்டாம், கிட்டத்தட்ட 11,000 ரூபாய். ஆனாலும் ஆட்டோவை விட நாலாயிரத்து சொச்சம் அதிகம்.

"கணக்கில் ஆட்டோதான் ஜெயிக்கிறது, விட்டுவிடு" என்றேன்.

"அண்ணா, போகும்போது மெட்ரோவில் கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். முடிஞ்சு வெளியே வரும்போது அத்தையால நிக்க முடியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மழையில மூணு ஆட்டோ மாட்டேன்னு சொல்லிட்டுப் போனான். அவங்களை வாசல் படியில உட்கார வெச்சுட்டு நான் ரோட்டுல நின்னேன். அந்த நாலாயிரம் அதுக்கு" என்றாள்.

அதற்கு மேல் நான் ஆட்டோவைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் வீட்டிலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கார் லாபம் என்று வராது. எதற்காக நஷ்டப்படுகிறோம் என்பது தெரிந்துவிடும். அது தெரிந்தால் எந்த வண்டி என்பது பாதி முடிந்த மாதிரி.

இப்போது விலை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்தது உங்களுக்குத் தெரியும். நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் இருக்கிற வண்டிகளுக்கு செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. ஐந்து லட்சம் அடக்க விலை உள்ள வண்டி 6 லட்சத்து 45 ஆயிரத்திலிருந்து 5 லட்சத்து 90 ஆயிரத்துக்கு வந்துவிடும். நல்ல விஷயம். ஆனால் பேப்பரில் போடுகிற விலை எக்ஸ் ஷோரூம் விலை. அதில் வண்டி தெருவுக்கு வராது. நம் மாநிலத்தில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி இப்படி: ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆறு லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 78,000. இன்ஷூரன்ஸ் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். ஆகவே ஆறு என்பது ஏழைத் தாண்டும். கையில் ஏழு இருக்கிறவர்கள் ஏழு லட்ச ரூபாய் வண்டியைப் பார்க்கப் போகக் கூடாது, ஆறுக்குக் கீழே பார்க்க வேண்டும்.

நம் குடியிருப்பில் பத்து லட்சத்தை ஒட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. 9 லட்சத்து 95 ஆயிரத்துக்கு வரி 1,29,350 ரூபாய். 10 லட்சத்து 5 ஆயிரத்துக்கு 1,80,900. சன்ரூஃப் வேண்டும் என்று பத்தாயிரம் கூடக் கொடுத்தால் அரசாங்கத்துக்கு ஐம்பத்தோராயிரம் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். கொடுங்கையூரில் சன்ரூஃபைத் திறந்துவைத்து எந்தக் காற்றை வாங்கப் போகிறோம் என்பது வேறு கேள்வி.

இனி வண்டி. என் மருமகன், தங்கச்சி பையன், எஞ்சினியரிங் கடைசி வருஷம். "மாமா, ஸ்டார் ரேட்டிங் இல்லாத வண்டியை வாங்கவே கூடாது" என்று ஒரே பிடிவாதம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் காலத்தில் மாருதி 800 வந்தபோது யார் கேட்டார்கள் ஸ்டார்? ஆனால் அவன் எடுத்துக் காட்டியதைப் படித்த பிறகு சிரிப்பு நின்றது. 2014-ல் குளோபல் என்கேப் நம் நாட்டில் விற்ற ஐந்து பிரபல சின்ன கார்களை மோதிப் பார்த்தபோது ஐந்துக்கும் பூஜ்யம். ஆல்டோ, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ எல்லாம் அதில் இருந்தன. பிறகு நிலைமை மாறியது. 2021-ல் டாடா பஞ்ச் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து ஸ்டார் வாங்கியது. 2023 அக்டோபரிலிருந்து நம் அரசாங்கத்தின் பாரத் என்கேப் நடைமுறையில் இருக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதி தடுப்பில் மோதும்படி விட்டுப் பார்க்கிறார்கள். பக்கவாட்டில் மோதுவதற்கு வேறு சோதனை.

நாங்கள் முதலில் நினைத்தது வேகன் ஆர். அதன் சீட் ஒரு நாற்காலி உயரத்தில் இருக்கும். முழங்கால் மடக்க முடியாதவர்கள் குனியாமல், ஏறாமல், அப்படியே உட்காரலாம். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு அதைவிட வசதி கஷ்டம். மூலக்கடை ஸ்டாண்டில் மூன்று கால் டாக்ஸி டிரைவர்களிடம் கேட்டேன், யாரும் அந்த வண்டியைக் குறை சொல்லவில்லை. ஒருவர் மீட்டரில் இரண்டு லட்சத்து சொச்சம் கிலோமீட்டர் காட்டினார். உழைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. யூடியூப் பையன் அந்த வண்டியை மூன்று நாள் ஓட்டியிருப்பான், இவர் மூன்று வருஷம் அதிலேயே தூங்கி எழுந்திருக்கிறார். ஆனால் 2023 குளோபல் என்கேப் சோதனையில் அதற்கு ஒரு ஸ்டார்தான். கூடு நிலையாக இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். 2025-ல் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் சேர்த்தார்கள், அது நல்லதுதான். ஏர்பேக் சேர்ப்பதும் கூட்டை வலுவாக்குவதும் ஒன்றல்ல என்பது இரும்போடு முப்பது வருஷம் பழகியவனுக்குத் தெரியும்.

இதே தங்கச்சி மயிலாப்பூரில் இருந்திருந்தால் நான் வேகன் ஆர் என்றே சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் ஓட்டப்போவது எண்ணூர் நெடுஞ்சாலையில், ராத்திரி, இரண்டு பக்கமும் கன்டெய்னர் டிரைலர். (டிரைலருக்கு அடியில் போய்ச் செருகினால் எந்த ஸ்டாரும் காப்பாற்றாது. அதையும் மருமகனிடம் சொன்னேன். அவன் முகம் வாடிப்போனது.)

ஷோரூமில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். விற்பனைப் பையன் நன்றாகப் பேசினான், ஆனால் என்னிடமும் மருமகனிடமும் மட்டும். ஓட்டப்போகிறவள் தங்கச்சி என்று இரண்டு தடவை சொன்ன பிறகும், "மேடத்துக்குக் கலர் செலக்ட் பண்ணச் சொல்லுங்க சார்" என்றான். டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் வழக்கமாகப் போகிற நேர் ரோட்டில் ஒரு சுற்று. தங்கச்சி பேசாமல் சாவியை வாங்கி, "நான் போற வழியில் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று கிளம்பிவிட்டாள். மாமியாரையும் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனாள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நம் பக்கம் என்றால் எருக்கஞ்சேரி ஹை ரோட்டில் சாயந்திரம் ஆறு மணிக்கு, மெட்ரோ வேலை நடக்கிற மூலக்கடை வழியாக, மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். நம் ஸ்டில்ட்டுக்குள் கொண்டுவந்து உங்கள் கட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். வேகன் ஆர் அகலம் 1620 மி.மீ., பஞ்ச் 1742. பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். ஆனால் தூண் பக்கத்து இடம் கிடைத்தவர்களுக்கு, கதவைத் திறக்க முடியுமா முடியாதா என்பதே அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது.

ஏ.எம்.டி. கியர் வண்டியையும் ஓட்டிப் பார்த்தாள். கிளட்ச் கிடையாது, நெரிசலில் இடது காலுக்கு நிம்மதி. கியர் மாறும்போது தலை லேசாக ஆடும், அது பழகிவிடும். அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்கு ஐம்பதாயிரத்தை ஒட்டிக் கூடுதல்.

ஆக, கையிலிருந்த பணத்துக்கு இரண்டு வழி. உயரமான சீட், ஏ.எம்.டி., ஒரு ஸ்டார். இல்லையென்றால் ஐந்து ஸ்டார் வாங்கிய பஞ்ச், கீழ்ப்படி மாடல், கையால் போடுகிற கியர். நான் வாயைத் திறக்கவில்லை, டீசல் ஞாபகம் இருந்தது. அந்த வண்டியின் கதவு கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கிறது. மாமியார் முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டார்கள். சற்று உயரம், ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. "நான் ஏறிக்குவேன். நீ எதுல தைரியமா ஓட்டுவியோ அதை வாங்கு" என்று மருமகளிடம் சொன்னார்கள். தங்கச்சி ஏ.எம்.டி.யை விட்டுவிட்டு ஐந்து ஸ்டாரை எடுத்தாள். என் மனைவி இன்னும் அது தப்பு என்கிறாள், நெரிசலில் கால் வலிக்கப் போவது யாருக்கு என்று. இருக்கலாம்.

பில் போடும்போது கவனியுங்கள், பணம் போவது அங்கேதான். இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமே கிடையாது. அங்கே 41,000 சொன்னார்கள். அதே ஐ.டி.வி., அதே கூடுதல் கவரேஜ், வெளியே 31,000. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவர்களே இறங்கி வந்தார்கள். புது காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் 2018-லிருந்து கட்டாயம். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. மாறுவது சொந்த டேமேஜ் பகுதிதான், பேரம் அங்கேதான். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று 8,500 இருந்தது. எதற்கு என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதவில்லை, எடுத்துவிட்டார்கள்.

லோனில் இரண்டு விஷயம். ஏழு வருஷம் என்றால் இ.எம்.ஐ. 4,827தான் என்று ஆசை காட்டுவார்கள். மொத்தத்தில் ஐந்து வருஷத்தை விட 31,800 ரூபாய் கூடுதல். இன்னொன்று, "ஆறு பர்சென்ட் ஃபிளாட்" என்று யாராவது சொன்னால் அது நம் பாங்க் பேசுகிற வட்டியில் சுமார் 11 சதவீதம். கட்டிய அசலுக்கும் சேர்த்து வட்டி வாங்குவதுதான் ஃபிளாட்.

இன்ஷூரன்ஸில் எஞ்சின் புரொடெக்‌ஷன் என்ற ஒன்றை மட்டும் நம் ஏரியாவில் யாரும் விடக் கூடாது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலில் நம் ஸ்டில்ட்டில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், தண்ணீர் வடிந்த அன்றே "ஓடுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பினார். காற்று போகிற குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. வெள்ளத்தால் வந்த சேதத்துக்குப் பாலிசி உண்டு. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதத்துக்குச் சாதாரணப் பாலிசியில் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை லட்சம் கைக்காசு. தண்ணீரில் நின்ற வண்டியைத் தொடாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். அந்தக் கூடுதல் கவரேஜ் வருஷத்துக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அதுவும் என்ன சந்தர்ப்பத்தில் தருவார்கள், தரமாட்டார்கள் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தங்கச்சி வண்டி தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது. கையில் ஆன விலை 7 லட்சத்து 20 ஆயிரம். அந்த இருபதாயிரத்தை மருமகன் பகுதி நேர வேலையில் சேர்த்திருந்ததிலிருந்து போட்டான். மழையில் ஒரு ராத்திரி ஒன்பதரைக்கு எனக்குப் போன் வந்தது. பயந்துபோய் எடுத்தேன். "அண்ணா, வீட்டுக்கு வந்துட்டோம். வைப்பர் நிறுத்துறது எப்படி?" என்றாள்.

பதிவு பண்ணுவதற்கு முன்னால் யார்டில் வண்டியைப் பார்ப்பது ரொம்ப முக்கியம். நம்பர் விழுந்த பிறகு அது உங்கள் வண்டி, குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சேசிஸ் நம்பரை முன்பே வாங்கி, எந்த மாதம் தயாரானது என்று எழுத்தில் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஐந்து டயரிலும் பாருங்கள், ஸ்டெப்னியைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் எனக்குச் சொல்லுங்கள், சனிக்கிழமை தவிர எந்த நாளும் வருகிறேன். அடியில் பார்க்க டார்ச் நான் கொண்டுவருகிறேன். எந்த வண்டி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.